ஏரி மீனுக்கு ஒரு வருடம் வேண்டும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 2019 நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது, மரக்காணம் பக்கத்துக் கடற்கரை விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. மலையும் ஏரிகளும் கரும்பும் மரவள்ளியும் கள்ளக்குறிச்சிக்கு வந்தன. அதனால் இங்கே மீன் தின்பது குறைந்துவிடவில்லை. கடலூரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தாண்டி மத்தியும் கவளையும் ஐஸில் வருகின்றன. கட்லாவும் ரோகுவும் உள்ளூர் ஏரியில் கிடைக்காத மாதங்களில் ஆந்திரத்துப் பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை சந்தையில் விற்கும் மீனில் பெரும்பங்கு வெளியூர் மீன். அதற்காகக் கொடுக்கும் பணத்திலும் பெரும்பங்கு வெளியூருக்கே போகிறது.

மீன் தொழிலில் நீடித்த மதிப்பை உருவாக்குவது பற்றி இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் ஏற்றுமதி, குளிர்பதனக் கிடங்கு, பதப்படுத்தும் ஆலை என்றே போகும். கடலில்லாத ஒரு மாவட்டத்தில் அதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது. இங்கே மீனின் மதிப்பைத் தீர்மானிப்பது காலம். ஏரியில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது, குத்தகை எத்தனை வருடத்துக்கு, குஞ்சு எந்த வயதில் ஏரிக்குள் போகிறது, வலையிலிருந்து சட்டிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பவைதான் கணக்கு. இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடப்பதால்தான் தண்ணீர் இருந்தும் லாபம் இல்லை.

முதலில் தண்ணீர். சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரந்த கல்வராயன் மலைதான் இந்த மாவட்டத்தின் தண்ணீர்த் தொட்டி. அறுபதுகளில் கட்டிய கோமுகி அணை கச்சிராயபாளையத்தை ஒட்டி இருக்கிறது. அதன் உயரம் 46 அடி, கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி. மணிமுக்தா அணைக்கு உயரம் 36 அடிதான் என்றாலும் கொள்ளளவு 736 மில்லியன் கன அடி. இரண்டு ஆறுகளும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்கின்றன. வழியில் தடுப்பணைகளும் வாய்க்கால்களும் அந்தத் தண்ணீரை ஏரி ஏரியாகக் கொண்டு சேர்க்கின்றன. திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும். நல்ல வருடமென்றால் நிரம்பி வழிந்து கோடி போகும். பங்குனியில் மதகுக்குக் கீழே போய்விடும். நடுவில் இருப்பது ஐந்தாறு மாதம்.

அந்த ஐந்தாறு மாதத்துக்குள் கட்லா என்ன செய்யும்? இரண்டு மூன்று செண்டிமீட்டர் குஞ்சாக விட்டால் பாதிக்கு மேல் விராலுக்கும் வாளைக்கும் கொக்குக்கும் இரையாகிவிடும். தப்பியது பங்குனியில் கால் கிலோ, முன்னூறு கிராம் இருக்கும். கட்லா வாங்குகிறவர் தேடுவதோ ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீனை. துண்டு போட்டால் முள் குறைவாக, சதை கனமாக இருக்க வேண்டும். அரைக்கிலோவுக்குக் கீழான கட்லாவுக்கு விலை அடிமாட்டு விலைதான். ஏரி அதே ஏரி, தீவனம் அதே பாசி, வலையிழுக்கும் ஆளுக்கு அதே கூலி. இன்னும் ஆறு மாதம் கிடைத்திருந்தால் மூன்று மடங்கு எடை வந்திருக்கும்.

கட்லாவே தமிழ்நாட்டு ஆறுகளுக்குச் சொந்த மீன் அல்ல. வடக்கிலிருந்து கொண்டுவந்து நம் நீர்நிலைகளில் விட்டது சென்னை மாகாண மீன்துறை. நாம் பாட்டன் காலத்து மீன் என்று நினைத்துச் சாப்பிடுவது அரசாங்கம் செய்த ஒரு சோதனையின் பலன். அந்த நாளில் குஞ்சுகளை ஆற்றிலிருந்துதான் அள்ள வேண்டும், ஏனென்றால் தேங்கிய நீரில் கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகள் முட்டையிடாது. அந்தத் தடையை உடைத்தவர் மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில், மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பெருங்கெண்டையை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். பிறகு பல ஆண்டுகள் மீன் சந்தைகளில் வெட்டிப்போட்ட தலைகளிலிருந்து கடுகளவு சுரப்பியைப் பிரித்தெடுத்து, ஆல்கஹால் குப்பியில் போட்டு, குஞ்சுப் பண்ணைகளுக்கு விற்றார்கள். இப்போது செயற்கை ஹார்மோன் மருந்து வந்துவிட்டது. மீன் தொழிலில் மதிப்புக்கூட்டல் என்றதும் எனக்கு டப்பாவில் அடைத்த மீன் நினைவுக்கு வருவதில்லை, குப்பைக்குப் போக இருந்த அந்தத் தலைதான் நினைவுக்கு வருகிறது.

குஞ்சு பொரிப்பது எளிதானதும் வேறொரு வியாதி பிடித்துக்கொண்டது. எத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்பதே சாதனைக் கணக்காகிவிட்டது. ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகள் வண்டியில் வந்து ஏரிக்கரையில் இறங்கும். பையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளேயும் வெளியேயும் சூடு சமமான பிறகு வாயை அவிழ்க்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் அப்படியே கொட்டிவிடுவார்கள். எண்ணிக்கையும் ஒரு கிண்ணத்து அளவுதான். ஒரு கிண்ணத்தில் எத்தனை என்று எண்ணி, கிண்ணக் கணக்கில் பெருக்கிவிடுவார்கள். கடைசியில் ரசீதில் இருக்கும் எண்ணுக்கும் வலையில் வரும் மீனுக்கும் சம்பந்தமே இருக்காது.

எண்ணிக்கை முக்கியமில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சாட்சி இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்து ஆளியாறு நீர்த்தேக்கம் சுமார் 650 ஹெக்டேர். அதில் 1964-65-இல் ஹெக்டேருக்கு 1.67 கிலோ மீன்தான் கிடைத்தது. அப்போது குஞ்சு விடுவதில் ஒழுங்கே இல்லை. ஒரு வருடம் ஹெக்டேருக்கு ஐந்நூறு, இன்னொரு வருடம் இரண்டாயிரத்துக்கும் மேல் என்று போனது. பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி பிறகு செய்தவை வெகு சாதாரணமானவை. வேகமாக வளரும் பெருங்கெண்டைகளை மட்டும் விட்டார்கள். குஞ்சு குறைந்தது 10 செண்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்றார்கள். எண்ணிக்கையை ஹெக்டேருக்கு முன்னூறு அளவுக்குக் குறைத்தார்கள். ஒரே நாளில் கொட்டாமல் தவணை தவணையாக விட்டார்கள். வலைக் கண்ணின் அளவைக் கறாராகக் கண்காணித்து, ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டையைப் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். தொண்ணூறு வாக்கில் மகசூல் ஹெக்டேருக்கு 194 கிலோவைத் தொட்டது. அதே வழியில் திருமூர்த்தி அணை 182 கிலோ கொடுத்தது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் சிறு நீர்த்தேக்கங்களின் சராசரி 50 கிலோவைக்கூட எட்டவில்லை.

இதைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். நூறு ஏக்கர் ஏரி என்றால் 40 ஹெக்டேர். பழைய சராசரியில் 2 டன்னுக்குக் கீழே. ஆளியாறு விகிதத்தில் ஏழே முக்கால் டன். வருடம் முழுதும் தண்ணீர் நிற்கும் நீர்த்தேக்கத்தையும் ஐந்து மாத ஏரியையும் ஒரே தராசில் வைக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஆளியாற்றில் பலித்தது பணமும் யந்திரமும் அல்ல. பெரிய குஞ்சை விட்டார்கள், சின்ன மீனை விட்டுவைத்தார்கள். இரண்டும் காலத்தைக் கூட்டும் வேலைதான். ஏரியில் ஆறு மாதம் குறைந்தால், அந்த ஆறு மாதத்தை ஏரிக்கு வெளியே மீனுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கு இங்கே இடமும் இருக்கிறது. கெண்டைகள் ஆனி, ஆடி, ஆவணியில்தான் முட்டையிடும். பண்ணைகளில் அப்போது பொரிக்கும் குஞ்சு ஏரி நிரம்பும் ஐப்பசிக்குள் விரலளவைத் தாண்டியிருக்க வேண்டுமானால் நடுவில் மூன்று மாதம் அதை வளர்க்க ஓர் ஆள் வேண்டும். மானியத்தில் வெட்டிய பண்ணைக்குட்டைகள் மாவட்டத்தில் எத்தனையோ கிடக்கின்றன. பத்து சென்ட் குட்டையில் மீன் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் போட்டி போடுவது வீண் வேலை. அதே குட்டையில் குஞ்சை வளர்த்து ஏரிக் குத்தகைக்காரருக்கு விற்பது தொழில். ஆந்திரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், குஞ்சை ஒரு வருடம் நெருக்கமாக வைத்து, அரைவயிற்றுத் தீவனத்தில் வளராமல் நிறுத்தி, நூறு கிராம் தாண்டிய பிறகு பெரிய குளத்தில் விடுகிறார்கள். இடமும் தீனியும் கிடைத்ததும் அது பாய்ந்து வளரும். அப்படிப்பட்ட குஞ்சைக் கார்த்திகையில் விட்டால் ஏரி வற்றுவதற்குள் ஒரு கிலோவை நெருங்கலாம். தீவனத்துக்கும் அலைய வேண்டியதில்லை. தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் கெண்டைக்கு அடிப்படைத் தீனி. நெல்லும் அரிசி ஆலையும் உள்ள ஊரில் தவிட்டுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் நூறு கிராம் குஞ்சை விலை கொடுத்து வாங்கி யார் விடுவார்கள்? அடுத்த வருடமும் ஏரி தன் கையில் இருக்கும் என்ற உறுதி உள்ளவர்தான் விடுவார். இங்கேதான் ஏலம் குறுக்கே வருகிறது.

ஏரி மீன் ஏலம் நம் ஊராட்சிகளில் எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும், சின்னது ஊராட்சியிடமோ ஒன்றியத்திடமோ இருக்கும். மீன்பாசி உரிமை ஏலத்துக்கு வரும். கையில் ரொக்கம் உள்ளவர் எடுப்பார். வலை வீசத் தெரிந்தவர் எடுப்பதில்லை. இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக உள்நாட்டு மீன்பிடியில் இருந்த செம்படவர் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று கிடைப்பது கூலியோ பிடித்ததில் ஒரு பங்கோதான். குத்தகைக் காலம் குறுகியதாக இருந்தால், எடுத்தவருக்கு ஒரே குறி, போட்ட பணத்தை அதே கோடைக்குள் எடுத்துவிட வேண்டும். மலிவான சின்னக் குஞ்சை லட்சக்கணக்கில் கொட்டுவார். சின்னக் கண் வலை போட்டு வழித்தெடுப்பார். அடுத்த வருடத்துக்கு என்று ஒரு விராலைக்கூட விட்டுவைக்கக் காரணம் இல்லை. அவர் பேராசைக்காரர் என்பதால் இப்படி நடக்கவில்லை; அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

இதோடு ஆயக்கட்டுக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் நடக்கும் ஓயாத சண்டையும் உண்டு. மீன் பிடிப்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாக மதகைத் திறந்துவிட்டார்கள் என்ற புகார் வராத கோடையே இல்லை. கடைசிப் போகத்துக்குத் தண்ணீர் வேண்டுமே என்று விவசாயி கரையில் நிற்பார். தண்ணீர் வற்றினால்தான் வலை போடலாம் என்று மற்றவர் நிற்பார். குடிமராமத்திலும் வண்டல் மண் எடுப்பிலும் ஏரிக்குள் எத்தனையோ குழிகள் தோண்டினோம், ஆனால் கண்டபடி தோண்டினோம். மதகுக்குக் கீழ் மட்டத்தில் கரையோரம் ஒரே ஆழமான மடுவாக எடுத்திருந்தால் பாசனத்துக்குச் சொட்டுத் தண்ணீர் குறையாமல் மீனும் கோடையைத் தாண்டியிருக்கும். ஆடு மாடும் அங்கேயே தண்ணீர் குடித்திருக்கும். இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை, மண் எடுக்கக் கொடுக்கும் அனுமதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மடு இருந்தால் கிடைக்கும் இன்னொரு லாபம் நாட்காட்டியில் இருக்கிறது. பங்குனி கடைசியில் வட்டாரத்து ஏரிகளெல்லாம் ஒரே சமயத்தில் வற்றுகின்றன. எல்லோரும் ஒரே வாரத்தில் வலை போடுகிறார்கள், விலை தரைமட்டத்துக்கு வருகிறது. அதற்கடுத்த சில நாட்களில், ஏப்ரல் 15-ஆம் தேதி, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாட்கள் கடலூரிலிருந்து வரும் வண்டிகள் குறைந்துபோகும், கடல் மீன் விலை ஏறும். ஏரி மீனுக்கு வருடத்திலேயே அருமையான இரண்டு மாதம் அது. அதற்குச் சற்று முன்புதான் நாம் ஏரியைக் காலி செய்துவிட்டுக் கை கழுவுகிறோம். மடுவிலோ பக்கத்துக் குட்டையிலோ மூன்று வாரம் மீனை உயிரோடு நிறுத்திவைத்து, தினம் ஐம்பது கிலோ என்று பிடித்து விற்றால் அதே மீனுக்கு வேறு விலை. புரட்டாசியில் மீன் விற்க முயல்வது வீண் என்று நம் வியாபாரிகளுக்குத் தெரிகிறது. சித்திரையின் அருமை மட்டும் ஏனோ இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

உயிரோடு விற்பது ஏன் முக்கியம் என்பதற்கு 2018-ஐ நினைத்துக்கொண்டால் போதும். வெளிமாநில மீனில் ஃபார்மலின் கலந்திருக்கிறது என்ற செய்தி அந்த வருடம் கேரளத்திலிருந்து கிளம்பி நாடெங்கும் பரவியது. பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு செவுளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அப்போது இன்னும் உறுதிப்பட்டது. தொட்டியில் துள்ளும் விராலுக்கு அந்தச் சோதனையே வேண்டாம். விராலுக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் கொஞ்சம் தண்ணீரிலேயே மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சந்தையில் அதற்கு எப்போதும் கெண்டையைவிடப் பல மடங்கு விலை. சாத்தனூர் அணைக்குப் போனவர்களுக்கு வேறொரு மதிப்புக்கூட்டல் தெரியும். அங்கே கண்ணெதிரே மீனை வெட்டி, மசாலா தடவி, எண்ணெய்ச் சட்டியில் போட்டுக் கொடுக்கும் கடைகளுக்காகவே கூட்டம் வருகிறது. குளிர்பதன ஆலை எதுவும் இல்லாமல் ஒரு கிலோ கட்லாவின் விலையைச் சில மீட்டர் தூரத்தில் உயர்த்திக் காட்டுகிறவர்கள் அந்தக் கடைக்காரர்கள். கோமுகி அணைக்கும் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூருக்கும் வருகிற கூட்டத்துக்கும் இதே யோசனை பொருந்தும்.

இதற்கெல்லாம் பெரிய முதலீடு கொண்டுவந்து பெரிய குளம் வெட்டலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதையின் முடிவையும் நாம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். தொண்ணூறுகளில் தஞ்சை, நாகைக் கரையோரம் இறால் பண்ணைகள் வந்தன. நெல் வயல் உப்பானது, குடிநீர் கெட்டது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடும் தீர்ப்பு கொடுத்தது. அதற்கு முன்பே வெள்ளைப்புள்ளி நோய் பண்ணைகளைத் துடைத்துவிட்டிருந்தது. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைத் தின்றுகொண்டே போன மீன் குளங்களை 2006-இல் அரசே உடைத்தது. 2025-இல் அமெரிக்கா வரியை ஏற்றியபோது முதலில் அடிபட்டது ஏற்றுமதி இறால். கள்ளக்குறிச்சிச் சந்தையில் விற்கும் ஏரிக் கெண்டைக்கு எந்த நாடும் வரி போட முடியாது. இதை ஒரு வசதியாக யாரும் எழுதுவதில்லை.

உலகக் கணக்கும் வளர்ப்பு மீன், உள்நாட்டு மீன் பக்கமே சாய்கிறது. 2022-இல் முதல் முறையாக, பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு அறிவித்தது, வளர்த்தது 9.44 கோடி டன், மொத்தத்தில் 51 சதவீதம். இந்தியாவில் 2022-23-இல் உற்பத்தியான 175 லட்சம் டன்னில் ஏறக்குறைய முக்கால் பங்கு உள்நாட்டு மீன். 2020 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பத திட்டத்துக்கு 20,050 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். குளம் வெட்டப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். நல்லதுதான். ஆனால் மானியம் சொந்த நிலத்தில் வெட்டும் குளத்தைத் தேடிப் போகிறது. நிலமில்லாத வலைக்காரருக்கு ஏரியின் மேல் ஐந்து வருட உரிமைதான் மானியத்தைவிடப் பெரிது. உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஏல விலையில் முன்னுரிமையோடு நீண்ட குத்தகை, அதற்குப் பதிலாகக் குஞ்சின் அளவுக்கும் வலைக் கண்ணுக்கும் எழுத்தில் நிபந்தனை என்று வைத்தால் ஆளியாற்றின் பாதிப் பாடம் குத்தகைப் பத்திரத்திலேயே வந்துவிடும்.

விலையில் அடங்காத மதிப்பும் ஒன்று உண்டு. ஏரி அழிக்கும் கடைசி நாளில் குத்தகைக்காரர் பெரிய மீனை எடுத்த பிறகு ஊர் இறங்கும். பெண்களும் பிள்ளைகளும் கூடையோடும் சேலைத் துணியோடும் குரவை, கெண்டைப்பொடி, ஜிலேபி என்று அள்ளிப்போவார்கள். கட்லாவுக்காக இந்தப் பொடிமீனை விஷம் வைத்து ஒழிக்கச் சொன்ன காலம் உண்டு. வங்கதேசத்தில் மோலா என்ற பொடிமீனில் வைட்டமின் ஏ எவ்வளவு என்று காட்டி, பெருங்கெண்டைக் குளத்திலேயே அதையும் வளர்க்கலாம் என்று நிறுவிய சகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு 2021-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. முழு மீனையும் தலையோடு முள்ளோடு தின்பதால்தான் அந்தச் சத்து. ஏரி மீனை டன் கணக்கில் மட்டும் அளந்தால் அந்தக் கூடைகள் எந்தக் கணக்கிலும் வராது.

கழிவையும் விட்டுவிடக் கூடாது. ஐஸ்லாந்தில் காட் மீனின் தோலிலிருந்து புண்ணுக்கு வைக்கும் மருத்துவத் தோல் செய்த கெரெசிஸ் நிறுவனத்தை 2023-இல் டென்மார்க் நிறுவனம் ஒன்று சுமார் 130 கோடி டாலருக்கு வாங்கியது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் எடுத்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று நான்கு வாரம் வைத்தால் மீன் அமிலம். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலந்து பயிருக்குத் தெளிக்கிறார்கள். கரும்பும் வெல்லமும் உள்ள மாவட்டத்தில், மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்கள் குடலையும் செதிலையும் சாக்கடையில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். சந்தை முடிவில் மூடியுள்ள இரண்டு நீல டிரம் வைத்து, அதைச் சுயஉதவிக் குழுவின் பொறுப்பில் விட்டால் ஆகிற செலவு சொற்பம்.

மலையில் நிலைமை வேறு. கல்வராயன் 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த பூமி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மலைவாழ் மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாராயத்துக்கு மாற்றுத் தொழில் என்று பேசும் கூட்டங்களில் மீன் வளர்ப்பும் பட்டியலில் ஏறிவிடும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. மார்கழிக் குளிரில் கெண்டை தீனி எடுக்காமல் நின்றுவிடும். ஐஸும் தீவனமும் மலையேறும் வண்டிக் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். ஊற்று நீர் வற்றாத பள்ளங்களில் வீட்டுக் குழம்புக்கு ஒரு குட்டை என்றால் சரி, அதற்கு மேல் ஆசை காட்டுவது நியாயமில்லை. ஓடைகளில் கல்லோடு வாயை ஒட்டிக்கொண்டு வாழும் சிறுமீன்களுக்கு நடுவே அங்கே ஜிலேபியையோ தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையோ கொண்டுபோய் விட்டால், அது அடுத்த வெள்ளத்தில் கோமுகிக்கே இறங்கி வரும்.

மலை இந்தத் தொழிலுக்குக் கொடுப்பது மீன் அல்ல, மாதங்கள். காடு இருக்கும் சரிவில் பெய்த மழை தை, மாசி வரை ஓடையில் கசிந்து வரும். வழித்த சரிவில் பெய்தது இரண்டு நாளில் மண்ணோடு அணைக்கு வந்து, ஏரிக்கு வரும் வாய்க்காலையும் தூர்த்துவிடும். தை மாத ஓடைத் தண்ணீர் ஒரு மாதம் கூடுதலாக வந்தால், கீழே ஒவ்வொரு ஏரியிலும் ஒவ்வொரு மீனும் ஒரு மாதம் கூடுதலாக வளரும். இதற்காக மலைக் கிராமங்களுக்கு இன்றைக்கு யாரும் ஒரு பைசா கொடுப்பதில்லை. கோமுகி, மணிமுக்தா அணைகளின் மீன்பிடி வருமானத்திலிருந்தும் கீழ் ஏரிகளின் ஏலத் தொகையிலிருந்தும் ஒரு சிறு பங்கைக் கல்வராயன் மலையின் கிராம சபைகளுக்கு, வன உரிமைச் சட்டப்படி அவர்கள் காக்கும் காட்டுக்காகக் கொடுக்கலாம். தொகை பெரிதாக இருக்காது. ஏல அறிவிப்பில் குத்தகைத் தொகை, ஜி.எஸ்.டி., முன்வைப்புத் தொகை என்று போடும் வரிசையில் அதற்கும் ஒரு வரி ஒதுக்க இடமிருக்கிறது.